பெயர் தெரியாத ஒரு கொக்கி

 

ஒரு பொருள் கையில் இருக்கிறது. அதன் பெயர் தெரியவில்லை. யார் செய்தது, எதற்குப் பயன்பட்டது, ஒன்றும் தெரியவில்லை. இப்படிப்பட்ட பொருளை நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடுகிறோம். அல்லது மீண்டும் பரணில் ஏற்றிவிடுகிறோம். நானும் அப்படித்தான் செய்திருப்பேன். அவ்வாறு செய்யாமல் நின்றதால் நான் கற்றுக்கொண்ட சிலவற்றை உங்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கள் வீடு தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. அப்போது அவசர அவசரமாகப் பரணில் ஏற்றிய சாமான்களுள் ஒரு தகரப் பெட்டியும் ஒன்று. அது என் ஆயாவின் அம்மாவுடையது. (எங்கள் பக்கத்தில் பாட்டியை ‘ஆயா’ என்றுதான் அழைப்போம்.) அதன்பின் அதை யாரும் இறக்கவில்லை. சென்ற கோடை விடுமுறையில் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கப் பரணைக் காலி செய்தபோதுதான் பெட்டி கீழே வந்தது. உள்ளே ஒரு பழைய புடவை, இரண்டு பித்தளைக் கிண்ணங்கள், ஒரு ஜெபமாலை, துணியில் சுற்றிய ஒரு கொக்கி.

கொக்கியின் நீளம் 18 சென்டிமீட்டர். பாதி கைப்பிடி, பாதி கம்பி. கைப்பிடி கரிக்கட்டை போல் கறுத்திருந்தது. தடவினால் பூவேலைப்பாடு விரலில் பட்டது. கம்பி துருவேறியிருந்தது. அதன் நுனி கேள்விக்குறியைப் போல் வளைந்து, முனை மழுங்கியிருந்தது. உண்மையிலேயே ஒரு கேள்விக்குறியாகத்தான் அது எங்கள் வீட்டுக்குள் வந்தது.

ஆளுக்கொரு பெயர்

அம்மா பார்த்தவுடன், “குரோஷா ஊசிடா, நூல் பின்றது” என்றார். தெருமுனைத் தையற்காரர், பாவாடைக்கு நாடா கோக்கும் கம்பி என்றார். காஞ்சிபுரத்திலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவர், தறியில் அச்சுக்கு இழை வாங்கும் கொக்கியாக இருக்கலாம் என்றார். வகுப்புத் தோழன் ஒருவன் பல் மருத்துவரின் கருவி என்று அடித்துச் சொன்னான். கைப்பேசியில் படம் எடுத்துத் தேடினேன். அதுவும் அம்மாவின் கட்சியிலேயே சேர்ந்துகொண்டது.

ஆயா மட்டும் எந்தப் பெயரும் சொல்லவில்லை. “எங்கம்மா மவுண்டுல துரைசானி வீட்ல புள்ள பாத்துக்கினு இருந்திச்சி. அப்ப வந்தது. வெளியில யாருக்கும் காட்டாத” என்றார். ஏன் காட்டக்கூடாது என்று இரண்டு மூன்று முறை கேட்ட பிறகுதான் காரணம் வந்தது. “வெள்ளிடா அது. வேலைக்காரி வீட்ல வெள்ளி இருந்தா ஊரு என்ன சொல்லும்?”

ஆக, இது வெறும் கொக்கியாக இல்லை. ஒரு குடும்பம் ஏறக்குறைய எண்பது ஆண்டுகளாகத் துணியில் சுற்றி ஒளித்து வைத்திருந்த அச்சம் அது. அப்பாவுக்கோ வேறு எண்ணம். வெள்ளி என்றால் விற்றுவிடலாம், என் பருவத் தேர்வுக் கட்டணத்துக்கு ஆகும் என்றார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருக்குப் பக்கவாதம் வந்து வலக்கை செயலிழந்தது. அதுவரை நாகல்கேணியில் தோல் பதனிடும் வேலை செய்துவந்தவர், அதன்பின் வேலைக்குப் போகவில்லை. எனவே அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் விற்பதற்கு முன் அது என்ன என்று தெரிந்துகொள்வோம் என்று ஒரு வாரம் தவணை கேட்டேன்.

பல்லாவரம் கற்பித்த பாடம்

பெயர் தெரியாத பொருளை அடையாளம் காண்பதில் நம் பகுதிக்கு ஒரு பெரிய வரலாறே உண்டு. தாம்பரத்திலிருந்து கடற்கரை செல்லும் மின்சார ரயிலில் தினமும் பல்லாவரத்தைக் கடந்து போகிறோம். அந்தப் பல்லாவரத்தில் 1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலறிஞர் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். இராணுவ அணிவகுப்பு மைதானத்தை ஒட்டிய சரளைக்கல் குழியில் கிடந்த கல் அது. அவருக்கு அப்போது வயது 28. அது மனிதன் கையால் செதுக்கிய பழைய கற்காலக் கருவி என்று அவர் கண்டுகொண்டார். இந்தியாவில் மனித வாழ்வின் தொன்மையைப் பற்றிய ஆராய்ச்சி அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்குகிறது.

அந்தக் குழியில் எத்தனையோ பேர் சரளை வெட்டியிருப்பார்கள். அவர்கள் கண்ணுக்கு அது வெறும் கல். ஃபூட்டுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது? பிரான்சு நாட்டில் அதே போன்ற கற்கள் கிடைத்து, அவை மனிதன் செய்த கருவிகளே என்று அறிஞர்கள் 1859-இல்தான் ஒப்புக்கொண்டிருந்தனர். அச்செய்தியை அவர் அறிந்திருந்தார். கல்லில் சில்லுகள் பெயர்ந்திருந்த விதத்தைப் பார்த்தார். இயற்கையாக உடைந்தால் இப்படி இருக்குமா என்று கேட்டார். தமக்குத் தெரிந்த வேறொன்றோடு ஒப்பிட்டார்.

பார்ப்பது, கேட்பது, ஒப்பிடுவது. இந்த மூன்றையும் நானும் செய்து பார்ப்பது என்று தீர்மானித்தேன்.

பொருளே சொல்லும் சாட்சி

முதலில் காந்தம். கம்பி ஒட்டியது, கைப்பிடி ஒட்டவில்லை. ஆகவே கம்பி எஃகு, கைப்பிடி வேறு உலோகம்.

அடுத்து அடர்த்தி. நம் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் விரிவுரையாளரின் அனுமதியுடன் எடை போட்டேன்; 28 கிராம். அளவு உருளையில் நீர் ஊற்றி மூழ்கவைத்தேன். 10 மில்லிலிட்டர் நீர் உயர்ந்தது. அடர்த்தி 2.8. இங்கேதான் முதல் ஆச்சரியம். வெள்ளியின் அடர்த்தி 10.5, எஃகின் அடர்த்தி சுமார் 7.8. முழுப் பொருளும் இந்த இரண்டால் மட்டுமே ஆகியிருந்தால் அடர்த்தி 7.8-க்குக் கீழே வரவே முடியாது. எனவே கைப்பிடிக்குள் மிக இலேசான ஏதோ ஒன்று இருக்க வேண்டும். ஆர்க்கிமிடீஸ் பாடம் தேர்வுக்கு மட்டும் உரியதன்று என்பதை அன்று உணர்ந்தேன்.

மூன்றாவது, கறுப்பை நீக்குதல். வெள்ளி கறுப்பதற்குக் காரணம் காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள். மேற்பரப்பில் வெள்ளி சல்பைடு படிகிறது. அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் போட்ட வெந்நீரில் அமிழ்த்தினால் அந்தச் சல்பைடு மீண்டும் வெள்ளியாகும் என்று படித்திருந்தேன். அப்படியே செய்யப் போனபோது விரிவுரையாளர் தடுத்தார். “உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் வெந்நீரில் போடாதே” என்றார். அவர் தடுத்தது எவ்வளவு நல்லதாயிற்று என்பதைப் பின்னால் சொல்கிறேன். எங்கள் வீட்டில் குத்துவிளக்கையும் வெள்ளிக் குங்குமச் சிமிழையும் துலக்குவது திருநீற்றால்தான். அதையே உலர்ந்த துணியில் தொட்டு மெல்லத் தேய்த்தேன். பூக்களும் கொடிகளும் வெளிவந்தன. கைப்பிடியின் ஓரத்தில் நான்கு சிறு முத்திரைகளும் வெளிவந்தன.

நான்கு முத்திரைகள்

உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தேன். ஒன்றில் இரண்டு ஆங்கில எழுத்துகள், ஒன்றில் முன்காலைத் தூக்கி நடக்கும் சிங்கம், ஒன்றில் நங்கூரம், நான்காவதில் ஏதோ ஓர் எழுத்து, தேய்ந்துபோயிருந்தது.

நங்கூரத்தைப் பார்த்ததும் கப்பல் கம்பெனியின் பொருள் என்று நினைத்தேன். தவறு. நம் ஊர் நகைக்கடையில் தங்கத்தின் மீது 916 என்ற தர முத்திரையைப் பார்க்கிறோம் அல்லவா? அதைப் போன்ற முறை இங்கிலாந்தில் பல நூற்றாண்டுகளாக உண்டு. நடக்கும் சிங்கம் 1544 முதல் அங்கு வழங்கும் வெள்ளி முத்திரை. ஆயிரம் பங்கில் 925 பங்கு வெள்ளி என்பதற்கு அது அடையாளம். நங்கூரம் பர்மிங்ஹாம் நகரத் தரச்சோதனை நிலையத்தின் சின்னம். பர்மிங்ஹாமில் கடலே இல்லை. ஆயினும் 1773-இல் அந்நிலையம் தொடங்கியபோது நங்கூரம் அதன் சின்னமாயிற்று. இலண்டனுக்குச் சிறுத்தைத் தலை. இரண்டு எழுத்துகள் செய்த பட்டறையின் பெயர்ச்சுருக்கம். நான்காவது எழுத்து ஆண்டைக் குறிப்பது, அதுதான் தேய்ந்துவிட்டது.

ஆண்டு எழுத்து போனாலும் காலத்தை ஓரளவு நெருங்க முடிந்தது. அங்கே இருந்த முத்திரையால் அன்று, இல்லாத முத்திரையால். 1784 முதல் 1890 வரை இங்கிலாந்தில் வெள்ளிப் பொருள்களுக்கு வரி உண்டு. வரி கட்டியதற்கு அடையாளமாக அரசர் அல்லது அரசியின் தலையை ஐந்தாவது முத்திரையாகப் பொறிப்பார்கள். எங்கள் கொக்கியில் அந்தத் தலை இல்லை. ஆகவே அது 1890-இல் அந்த வரி நீங்கிய பிறகு செய்யப்பட்டிருக்க வேண்டும். 1784-க்கு முன்பு என்று கொள்ள அதன் வேலைப்பாடு இடம் தரவில்லை.

எங்கே செய்தது, எதனால் செய்தது, ஏறக்குறைய எப்போது செய்தது என்ற மூன்றும் தெரிந்துவிட்டன. எதற்கு என்பது மட்டும் தெரியவில்லை. குரோஷா ஊசியின் நுனியில் நூல் மாட்டும் அளவுக்குச் சிறு வெட்டுத்தான் இருக்கும். இதன் வளைவில் ஒரு மிளகே உட்காரும். அச்சுக் கொக்கி தட்டையாக இருக்கும்; இது உருண்டை. பல் மருத்துவர் வெள்ளியில் பூவேலை செய்த பிடியைத் தேடமாட்டார். எல்லாப் பெயர்களும் கழிந்தன. சரியான பெயர் வரவில்லை.

கை சொன்ன விடை

ஆயா சொன்ன ‘மவுண்டு’ என்பது பரங்கிமலை. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலம் முதல் பரங்கிமலையும் பல்லாவரமும் இராணுவப் பாசறைகள். அதனால் இங்கே ஆங்கிலேயக் குடும்பங்களும் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களும் பெருகின. ரயில்வே வேலையும் அவர்களை இப்பாதை நெடுகக் குடியமர்த்தியது. 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மீட்டர் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பின், தாம்பரத்துப் பெண்கள் மலைக்கு வேலைக்குப் போய்வருவது எளிதாயிற்று. ஆயாவின் அம்மாவும் அந்த ரயிலில்தான் போய்வந்தாராம்.

என் நண்பன் ஒருவன் வழியாகப் பல்லாவரத்தில் எண்பது வயதைக் கடந்த ஓர் ஆங்கிலோ-இந்திய மூதாட்டியைச் சந்தித்தேன். துணியைப் பிரித்துக் கொக்கியை நீட்டினேன். அவர் பெயர் ஒன்றும் சொல்லவில்லை. கையில் வாங்கினார்; போட்டிருந்த கம்பளிச் சட்டையின் பொத்தான் துளை வழியாகக் கொக்கியை நுழைத்தார்; உள்ளே பொத்தானின் அடிக்காம்பைப் பிடித்தார்; இழுத்து ஒரு திருகு திருகினார். பொத்தான் மாட்டிக்கொண்டது. கண் இமைக்கும் நேரந்தான். பிறகுதான் சொன்னார்: “பட்டன் ஹூக், மேன்! என் மம்மி இதுலதான் எனக்கு ஷூ மாட்டும்.”

நண்பர்களே, ஒரு வாரமாக நான் தேடிய விடை அந்தக் கைவிரல்களில் எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக இருந்திருக்கிறது!

பொத்தான் கொக்கியின் கதை

நம் உடைக்கும் பொத்தானுக்கும் நெடுங்காலம் பெரிய உறவு இருந்ததில்லை. வேட்டியைக் கட்டுகிறோம், புடவையைச் சுற்றிச் செருகுகிறோம். முடிச்சும் செருகலும் போதும். ‘பொத்தான்’ என்ற சொல்லே போர்ச்சுகீசிய மொழியிலிருந்து வந்தது. சாவி, அலமாரி, ஜன்னல் ஆகியவற்றோடு கப்பலேறி வந்த சொல் அது.

ஐரோப்பாவிலோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பொத்தான்களின் ஆட்சி நடந்தது. கணுக்காலுக்கு மேல் ஏறும் தோல் பூட்சின் பக்கவாட்டில் வரிசையாகப் பத்துக்கும் மேற்பட்ட பொத்தான்கள் இருக்கும். பட்டாணி அளவே உள்ள உருண்டைப் பொத்தான்கள். அடியில் ஒரு சிறு வளையக் காம்பு. தோலோ விறைப்பானது. துளையோ சிறியது. விரலால் தள்ளி மாட்டுவது பெரும்பாடு. பெண்கள் இடுப்பை இறுக்கும் கச்சை வேறு அணிந்திருந்ததால் குனிவதும் அரிது. நீண்ட கையுறைகளுக்கும் மணிக்கட்டில் பொத்தான்கள் உண்டு. ஒரு கையால் மறு கைக்கு மாட்ட வேண்டும். இத்தனை தொல்லைக்கும் விடையாக வந்ததுதான் பொத்தான் கொக்கி. வெளியிலிருந்து துளைக்குள் நுழைத்து, காம்பைப் பற்றி, வெளியே இழுத்து, திருகி விடுவிப்பது. தள்ளுவதற்குப் பதில் இழுப்பது. அதன் தத்துவம் அவ்வளவே.

ஏழைக்கும் பணக்காரருக்கும் தனித்தனிக் கொக்கி இருந்தது. செருப்புக் கடைகள் தம் பெயரைப் பொறித்த எஃகுக் கொக்கிகளை வாடிக்கையாளருக்கு இலவசமாகக் கொடுத்தன. பணக்கார வீட்டு ஒப்பனை மேசைக்கோ சீப்பு, தூரிகையோடு சேர்ந்த வெள்ளிப்பிடிக் கொக்கி. அந்த வெள்ளிப்பிடி முழு வெள்ளியன்று. மெல்லிய வெள்ளித் தகட்டை அச்சில் அழுத்திப் பூவேலை செய்து, இரு பாதியை ஒட்டி, உள்ளே கீலைப் போன்ற குங்கிலியக் கலவையை உருக்கி ஊற்றி, எஃகுக் கம்பியை அதில் பதிப்பார்கள். கலவை இறுகியதும் பிடி கெட்டிப்படும். எங்கள் கொக்கியின் அடர்த்தி 2.8 ஆனதன் இரகசியம் இதுதான். அன்று வெந்நீரில் போட்டிருந்தால் கலவை இளகிக் கம்பி கழன்று கையோடு வந்திருக்கும். விரிவுரையாளரின் ஒரு சொல் நூறாண்டுப் பொருளைக் காத்தது.

இந்தக் கொக்கி செய்த வேறொரு வேலையையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் நியூயார்க் துறைமுகத்தில் எல்லிஸ் தீவு என்ற குடியேற்றச் சோதனை நிலையம் 1892-இல் திறக்கப்பட்டது. அங்கே வந்திறங்கிய ஏழைகளின் கண்களில் ட்ரக்கோமா என்ற தொற்றுநோய் உள்ளதா என்று பார்க்க, மருத்துவர்கள் பொத்தான் கொக்கியால் மேலிமையைப் புரட்டிப் பார்த்தனர். நோய் இருந்தால் வந்த கப்பலிலேயே திரும்ப வேண்டியதுதான். ஒருவருக்கு ஒப்பனைப் பொருள், மற்றொருவருக்கு வாழ்வின் வாசலில் நிற்கும் காவல்! பொருள் ஒன்றே, யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் பொருளே மாறுகிறது.

முதல் உலகப் போருக்குப் பின் பொத்தான் பூட்ஸ் மறைந்தது. கயிறு கட்டும் காலணிகள் பெருகின. கிடியோன் சண்ட்பேக் என்பவர் 1917-இல் காப்புரிமை பெற்ற ‘ஜிப்’ அமைப்பு பொத்தானின் பல வேலைகளைப் பறித்துக்கொண்டது. குழந்தைகளின் காலணியில் மட்டும் பொத்தான் சில காலம் நீடித்தது. அந்தக் குழந்தைகளுக்குக் காலணி மாட்டிவிட்டவர்கள் யார்? நம் ஊர் ஆயாமார்கள்.

மூதாட்டி இன்னொன்றும் சொன்னார். 1947-க்குப் பின் அவர் உறவினர் பலர் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போனபோது, தூக்கிச் செல்ல முடியாத சாமான்களை வேலை செய்தவர்களிடம் கொடுத்துவிட்டுப் போனார்களாம். “உன் ஆயாவோட மம்மிக்கும் அப்படித்தான் குடுத்திருப்பாங்க, மேன். பேபி வளந்துட்டா ஹூக் எதுக்கு?” என்றார். இதை ஆயாவிடம் வந்து சொன்னேன். எங்கள் வீட்டுக் கொக்கியும் அப்படித்தான் வந்தது என்பதற்கு எழுத்துச் சான்று கிடையாது. ஆனால் ஆயா நெடுநேரம் கொக்கியைக் கையில் வைத்திருந்தார். பிறகு துணியில் சுற்றாமல் சாமி மாடத்தில் வைத்தார்.

மறுபடியும் ஒரு பொத்தான்

தவணை முடிந்தது. அப்பாவும் நானும் தாம்பரத்தில் ஓர் அடகுக் கடைக்குப் போனோம். கடைக்காரர் தட்டிப் பார்த்து, “பிடியை உடைத்துத் தகட்டை உரித்தால்தான் வெள்ளி எடை தெரியும், ஏழெட்டு கிராம் தேறலாம்” என்றார். உடைக்கவா என்றும் கேட்டார். நான் அப்பாவைப் பார்த்தேன். “வேணாம், குடுங்க” என்று இடக்கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

அன்று அப்பா பனியன் மீது ஒரு துண்டைப் போர்த்தியிருந்தார். பக்கவாதம் வந்த நாளிலிருந்து அவர் சட்டை போடுவதில்லை. இடக்கையால் மட்டும் பொத்தான் மாட்ட வராது. அம்மா மாட்டிவிட்டால் போடலாம். அதற்கு அவர் மனம் இடம் தரவில்லை. இதனாலேயே கலியாணம், காரியம் என்று எங்கும் போகாமல் இருந்தார். இது எனக்குத் தெரியும். ஆயினும் வீட்டிலிருந்த கொக்கியையும் அப்பாவின் சட்டையையும் ஒன்றாக நினைத்துப் பார்க்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

வெள்ளிக் கொக்கியை அவர் சட்டையில் முயன்றோம். சரிவரவில்லை. காரணம் எளியது. பூட்ஸ் பொத்தானுக்கு அடியில் காம்பு உண்டு. கொக்கி அதைப் பிடிக்கும். சட்டைப் பொத்தானோ தட்டை. துணியோடு ஒட்டித் தைத்திருப்பது. பிடிக்க இடமில்லை. அரசு மருத்துவமனையில் அப்பாவுக்குப் பயிற்சி தரும் பிரிவில் இதைச் சொன்னேன். கைவிரல் இயங்காதவர்களுக்கும் மூட்டுவாதம் உள்ளவர்களுக்கும் இன்றும் பொத்தான் கொக்கி உண்டு, ஆனால் அதன் நுனியில் வளைவுக்குப் பதில் கம்பி வளையம் இருக்கும் என்று விளக்கினார்கள். உலகம் மறந்துபோன பொருள் மறையவில்லை. தேவைப்பட்டவர்களிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அந்த வளையத்தை நாமே செய்யலாம் என்று தோன்றியது. முதலில் கட்டுக்கம்பியில் செய்தேன், இழுத்தவுடன் நெளிந்தது. பின்பு பழைய சைக்கிள் ஆரக்கம்பி ஒன்றை எடுத்து இடுக்கியால் வளைத்தேன். நுனிப்பக்கம் பொத்தான் நுழையும் அளவுக்கு அகலமாகவும், பிடிப்பக்கம் வரவரக் குறுகலாகவும் ஒரு நீள்வளையம். இரு முனைகளையும் ஓர் உடைந்த அரத்தின் மரப்பிடிக்குள் செருகி இறுக்கினேன். செலவு ஒன்றுமில்லை. பயன்படுத்தும் முறை இதுதான்: வளையத்தை வெளிப்புறமிருந்து துளைக்குள் நுழைக்க வேண்டும், உள்ளே இருக்கும் பொத்தானை அகலமான பகுதியில் மாட்டி, குறுகலான பகுதிக்கு நகர்த்த வேண்டும், அப்படியே இழுத்தால் பொத்தான் சாய்ந்து துளை வழியே வெளியே வந்துவிடும். பிறகு வளையத்தைக் கழற்றிக்கொள்ளலாம்.

முதல் நாள் ஆறு பொத்தானுக்குப் பதினோரு நிமிடம் ஆயிற்று. இரண்டு முறை கம்பியைத் தூக்கி எறிந்தார். நான் எடுத்துக் கொடுக்கப் போனபோது அம்மா கண்ணால் தடுத்தார். அவரே எழுந்து போய் எடுத்துக்கொண்டார். இப்போது மூன்று நிமிடம் ஆகிறது. காலர் பொத்தான் மட்டும் இன்னும் வரவில்லை. ஆவணி முகூர்த்தத்தில் குரோம்பேட்டையில் அத்தை மகள் திருமணம். அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, இடக்கையால் மொய் எழுதினார்.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்

என் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். ‘முதல் தலைமுறைப் பட்டதாரி’ என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் சான்றிதழே வாங்கியிருக்கிறேன். நம்மில் பலரிடம் அந்தத் தாள் இருக்கும். நம் முன்னோருக்கு எழுத்து இல்லை. ஆகவே நம் வீடுகளில் பழைய கடிதமோ நாட்குறிப்போ கிடைக்காது. அவர்கள் விட்டுச் சென்றவை பொருள்களும், கைப்பழக்கங்களும், சொல்லாமல் வைத்த சில அச்சங்களுமே. அவற்றைப் படிக்கும் பொறுப்பு படித்த நமக்குத்தான் உண்டு.

எனவே பரணில் பெயர் தெரியாத பொருள் ஏதேனும் கிடைத்தால் இவற்றைச் செய்யுங்கள். அவசரப்பட்டுத் துலக்காதீர்கள், வெந்நீரிலோ அமிலத்திலோ போடாதீர்கள். நீளம், எடை, கிடைத்த இடம், கூடக் கிடந்த பொருள்கள் ஆகியவற்றை எழுதிவையுங்கள். காந்தம் வைத்துப் பாருங்கள். முத்திரை உண்டா என்று உருப்பெருக்கியால் தேடுங்கள். தேய்மானம் எந்த இடத்தில் இருக்கிறது என்று கவனியுங்கள். கை பட்ட இடத்தை அது காட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதை ஒரு முதியவர் கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். அவர் வாய் மறந்திருந்தாலும் கை மறந்திருக்காது.

வெள்ளிக் கொக்கி எங்கள் வீட்டு மாடத்தில் இருக்கிறது. ஆரக்கம்பிக் கொக்கி அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது. இரண்டில் எது விலை உயர்ந்தது என்று என்னைக் கேட்டால், விடை சொல்ல அடகுக் கடைத் தராசு போதாது என்பேன்.